வலது இடுப்பில் இரண்டு விரல் இடம்

நாரின்,
ஜூன் 11

சோங்-கோல் ஏரிக்கரையில் மேயும் அத்தனை ஆடுகளுக்கும், அவற்றைவிடப் பிடிவாதமான தன் தலைக்கும் அரசியாகிய மருமகள் ஜிபாருக்கு,

உன் தாய்மாமன் பெய்ஷென் எழுதுவது. படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் எப்பேர்ப்பட்ட படுக்கை! இடது கையில் இரண்டு ஊசி, தலைமாட்டில் என் ரத்தத்தைத் துவைத்துத் திருப்பித் தரும் இயந்திரம், கால்மாட்டில் செவிலியர் பரிவாரம். வாரத்தில் மூன்று நாள் தர்பார். பழைய கான்கள்கூட இவ்வளவு மரியாதையோடு படுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் குற்றப்பத்திரிகையை வாசித்துவிடுகிறேன். போன மாதம் நீ என் வீட்டிலிருந்து ரொட்டியைத் தொடாமல் கிளம்பினாய். உன் ராஹன் மாமி தட்டைத் தூக்கிக்கொண்டு, "ஒரு துண்டு பிச்சு வாயில போட்டுட்டுப் போடி!" என்று தெருமுனை வரை ஓடினாள். நீ தாலாயின் பால் லாரியில் ஏறிக் கதவை அறைந்தாய். ஜிபார், நம் ஆட்கள் எதிரி வீட்டிலிருந்துகூட ரொட்டியைத் தொடாமல் கிளம்பியதில்லை. அந்தக் கதவுச் சத்தத்தில் எதிர்மலைப் பனி சரிந்து, ஆறு திசை மாறி, இரண்டு கிராமத்துக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

உலகத்தில் சிறுநீரகம் கேட்டவன், கிடைக்காவிட்டால் கோபப்படுவான். கொடுக்கிறேன் என்று வந்தவள், வாங்கவில்லை என்று கோபப்படுவது நம் குடும்பத்தில் மட்டும்தான். மறுபடியும் சொல்கிறேன்: வேண்டாம். இரண்டு பிள்ளைக்குத் தாய் நீ. என் அக்கா பெற்ற பிள்ளையின் வயிற்றைக் கிழித்து எனக்கு ஒட்டுப்போட்டுக்கொள்ள நான் என்ன பழைய கோட்டா? இந்த இயந்திரத்தோடு இன்னும் நூற்றைம்பது வருஷம் ஓட்டுவேன். அவசரமே இல்லை.

நிற்க. நேற்று தாலாய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தான். கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. திறந்தால் குருத்! வடிகட்டிய தயிரில் உப்புப் போட்டு உருட்டி, உன் கூடாரத்துக் கூரையில் காயவைத்த கல் உருண்டைகள். ஒன்றை எடுத்து நாக்கடியில் வைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாயிலும் வந்தது, அதுதான் முக்கியம். எல்விரா டாக்டரம்மா எனக்குத் தரும் தண்ணீரை ஒரு சிட்டுக்குருவிக்கு வைத்தால் அது வழக்குப் போடும். அந்தக் காலத்தில் மந்தையோடு கணவாய் கடக்கும்போது தாகத்துக்கு என்ன செய்தோம்? குருத்தை வாயில் ஒதுக்கிக்கொண்டு நடந்தோம். அதே வைத்தியத்தை இங்கே நடத்துகிறேன். இது உன் சமாதானத் தூது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கருங்குதிரை நலமா? அதைப் பார்த்து எச்சில் விடாதே. மாமனிடம் எதையும் சுட்டிக் கேட்க அக்கா பிள்ளைக்கு உரிய மூன்று கேட்பில் இரண்டை நீ முடித்தாயிற்று. மூன்றாவதுக்கு அதைச் சுட்டிக் கேட்பாய் என்று பயந்துதான் அதை உன்னிடமே மேய விட்டிருக்கிறேன். தன் கையில் இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? என் ராஜதந்திரம் அப்படி.

கம்பீரமாகப் படுத்திருக்கும்,
மாமன் பெய்ஷென்

◆

சோங்-கோல்,
ஜூலை 2

மாமா,

அது சமாதானத் தூது இல்லை. குருத் நிறைய காய்ந்துவிட்டது, அனுப்பினேன். அவ்வளவுதான்.

இங்கே ஆடு, குட்டி, மழை. சின்னவளுக்குச் சளி. உங்கள் குதிரை என் வீட்டுக்காரரை இரண்டு முறை கடித்தது, வளர்த்தவர் குணம்.

நான் சண்டை போட எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். "என் அக்கா பெற்ற பிள்ளையின் வயிற்றைக் கிழிப்பேனா" என்று எழுதியிருக்கிறீர்கள். என் உடம்பில் இருக்கிற சிறுநீரகத்தை நானா செய்தேன்? உங்கள் அக்காதான் செய்தாள். ஒன்று போதும் என்றால் ஒன்றோடு நிறுத்தியிருப்பாள். இரண்டாகச் செய்து என்னிடம் கொடுத்து வைத்தது எதற்காக என்று யோசித்தீர்களா? நான் யோசித்தேன். பால் கறக்கும்போதெல்லாம் வேறு வேலை இல்லை, அதைத்தான் யோசிக்கிறேன்.

வசந்தத்தில் பிஷ்கெக் மருத்துவமனையில் ரத்தம் பார்த்தபோது பொருந்துகிறது என்று சொன்னார்கள். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். எனக்கு அதுதான் வலித்தது. வேண்டாம் என்று சொன்னதுகூட இல்லை.

ரொட்டியைத் தொடாமல் வந்தது தப்பு. மாமியிடம் சொல்லுங்கள். உங்களிடம் சொல்லவில்லை.

வாய் வறட்சிக்கு ஆகிறது என்று எழுதியதால் இன்னொரு பை குருத் வைத்திருக்கிறேன். இந்த முறை எச்சில் நன்றாக ஊறட்டும் என்று உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். பெரியவள் உருட்டினாள். அவள் கேட்கிறாள், "தாத்தா கையில இருக்கிற தேனீ இன்னும் பாடுதாம்மா?" என்று. ஊசி குத்துவதற்காக உங்கள் கையில் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, அதில் காதை வைத்துக் கேட்டதை அவள் மறக்கவே இல்லை.

ஜிபார்

◆

நாரின்,
ஜூலை 19

சளி பிடித்த சின்னவளுக்கும், தேனீயை நினைவில் வைத்த பெரியவளுக்கும், மாமியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கும் கஞ்சப் பெண்ணுக்கும்,

தேனீ பாடுகிறது என்று சொல். முன்பைவிடக் கொஞ்சம் தொண்டை கட்டிய குரலில்.

இப்போது எழுந்து நின்று இந்தக் கடிதத்தைப் படி. ஏனென்றால் உனக்கு எழுதுவது சாதாரண மாமன் இல்லை. சிலையாகிக்கொண்டிருக்கும் மாமன்!

நடந்தது இது. என் கையைப் படம் எடுத்தார்கள். எல்விரா டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு மட்டும் தெரியவேண்டிய படத்தில், எலும்புகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள், ரயில் தண்டவாளம் மாதிரி ஜோடி ஜோடியாக விரல் வரைக்கும் ஓடுகின்றன. "என்ன டாக்டரம்மா, என் கைக்குள்ள ரயில் விடப்போறாங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இது உங்க ரத்தக்குழாய்ண்ணே. படத்துல இது தெரியவே கூடாது. சுண்ணாம்பு பிடிச்சிருக்கு, அதான் தெரியுது" என்றார்.

விளக்கம் கேட்டேன், கொடுத்தார். சாப்பாட்டில் பாஸ்பரஸ் என்று ஒரு பொருள் இருக்கிறதாம். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். என் சிறுநீரகங்கள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டன. இயந்திரமோ வந்ததில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். மிச்சம் ரத்தத்திலேயே சுற்றுகிறது. குழாய்ச் சுவரில் இருக்கும் மெத்தென்ற சதை அதைக் கண்டு கண்டு ஒருநாள் புத்தி பேதலித்து, 'அடடா, நான் எலும்பல்லவா!' என்று நினைத்துக்கொண்டு சுண்ணாம்பைப் பூச ஆரம்பித்துவிடுகிறதாம். இதயம் தள்ளும்போது விரிந்து கொடுக்கவேண்டிய குழாய் விறைத்துக்கொண்டு நிற்கிறது. பாவம் இதயம், உறைந்துபோன குழாயில் தண்ணீர் ஏற்றுகிற பம்பு மாதிரி முட்டிக்கொண்டிருக்கிறது. கட்டியது கரையாது, இனிமேல் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்.

உன் மாமி அழுதாள். நான் தேற்றினேன்: "ஏண்டி அழுறே? செத்தப்புறம் சிற்பியத் தேட வேணாம். அப்படியே தூக்கிச் சந்தை நடுவுல நிறுத்தி, தலையில தொப்பிய வச்சிட்டா முடிஞ்சுது!" அதற்கு அவள், "அந்த மூஞ்சிய நிறுத்தினா சந்தைக்கு எவன் வருவான்?" என்றாள். அழுகை நின்றுவிட்டது. நாற்பது வருஷக் குடித்தனத்தின் ரகசியம் இதுதான்.

பிறகு விசாரணை. ராணுவத்தில்கூட என்னை இப்படிக் குடைந்ததில்லை.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"வெள்ளை ரொட்டி."

"மதியம்?"

"கொஞ்சம் நூடுல்ஸ். கறி, ரெண்டே துண்டு."

"பால்?"

"தொடல."

"பாலாடைக்கட்டி?"

"அது இருக்கிற தெருவுலயே நடக்கல."

"பாஸ்பரஸைப் பிடிக்கிற மாத்திரை?"

"ஒவ்வொரு சாப்பாட்டோடயும் மென்னு முழுங்குறேன் டாக்டரம்மா."

"அப்புறம் எப்படிண்ணே இவ்வளவு ஏறும்? தாகமும் குறையல, எடையும் கூடுது!"

மாமி எனக்குச் சாட்சி சொன்னாள். கன்னத்தில் உன் குருத் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் சத்தியத்தைத் தவிர வேறெதுவும் சொல்லாமல் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றேன். டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவ உலகமே என் முன்னால் மண்டியிட்டது.

இடுப்பையும் படம் எடுத்து பிஷ்கெக்குக்கு அனுப்பினார்கள். அதில் எழுத ஒன்றும் இல்லை.

நீ பால் கறக்கும்போது யோசித்ததைப் படித்தேன். அக்காவை இழுத்துவிட்டாய். அது நியாயமான ஆட்டம் இல்லை. பதில் யோசித்து வைக்கிறேன்.

இரண்டாவது பையும் தீரப்போகிறது. உப்புத் தூக்கலாக இருந்தது பிரமாதம். அடுத்ததைச் சீக்கிரம் அனுப்பு.

பாதி மாமன், பாதி பளிங்கு,
பெய்ஷென்

◆

சோங்-கோல்,
ஜூலை 30

மாமா,

குருத் எங்கே?

அந்த விசாரணையில் ரொட்டி இருக்கிறது, நூடுல்ஸ் இருக்கிறது, கறி இருக்கிறது. குருத் எங்கே? கடிதத்தைத் தாலாய் முன்னாலேயே படித்தேன். "தாலாய், குருத் சாப்பாடா?" என்று கேட்டேன். "அது எப்படிச் சாப்பாடாகும்? பையில கிடக்கிறது தானே!" என்றான். என் வீட்டுக்காரரைக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் நேற்று வரை அப்படித்தான். தட்டில் வைத்தால் உணவு, கோட்டுப் பையில் இருந்தால் குருத். அதனால் நீங்கள் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அது இன்னும் மோசம்.

உங்கள் குதிரையிலேயே மேல் கணவாய்க்குப் போனேன். அங்கேதான் போனில் சிக்னல் ஒரு கோடாவது தெரியும். எல்விரா டாக்டரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம், "காய்ச்சி வடிச்சு, காய வச்ச பாலு... அதுல இருக்கிற பாஸ்பரஸ் அத்தனையும் மாத்திரையே இல்லாம... ஐயோ, நானும் இந்த ஊர்ல பொறந்தவதானே, எனக்கு ஏன் கேக்கத் தோணல!" என்றார். உப்பு எச்சிலை ஊற வைக்குமாம், பின்னாலேயே தாகத்தை இரண்டு பங்காக்குமாம். நான் தூக்கலாகப் போட்ட உப்பு.

மாமா, நான் பையில் கட்டி அனுப்பியது சுண்ணாம்பு. என் பெண் உருட்டினாள்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு. "எழுத ஒன்றும் இல்லை" என்றீர்களே, அந்த இடுப்புப் படம். புது சிறுநீரகத்தை இடுப்புக்குள் ஓடும் பெரிய குழாயில்தான் தைப்பார்களாம். இடப்பக்கம் முழுக்க இறுகிவிட்டது. வலப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ஊசி இறங்குகிற மாதிரி மெத்தென்று இருக்கிறது. அதுவும் கெட்டியாகிவிட்டால் யார் கொடுத்தாலும் வைக்க இடமில்லை. இதை பிஷ்கெக் டாக்டர் உங்களிடம் போனில் சொல்லியாயிற்று. நீங்கள் எனக்குச் சிலை கதை எழுதினீர்கள். நூற்றைம்பது வருஷம், அவசரமே இல்லை என்றீர்கள்.

நான் அழுதேன், திட்டினேன், குதிரை எல்லாவற்றையும் கேட்டது. இப்போது ஒரு முடிவோடு எழுதுகிறேன்.

அக்கா பிள்ளை தன் வாழ்நாளில் மூன்று தடவை தாய்மாமனுடையது எதையும் சுட்டிக் கேட்கலாம். மாமன் மறுக்கக் கூடாது. ஆறு வயதில் ஒரு கல்யாணத்தில் உங்கள் தலையிலிருந்த தொப்பியைச் சுட்டினேன். பனியில் மொட்டைத் தலையோடு வீட்டுக்குப் போனீர்கள். என் கல்யாணத்தில் செம்பட்டைப் பெட்டைக் குதிரையைச் சுட்டினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு அதற்கு விடை கொடுத்துவிட்டுக் கயிற்றை என் கையில் வைத்தீர்கள்.

இது மூன்றாவது. உங்கள் கருங்குதிரை எனக்கு வேண்டாம்.

உங்கள் வலது இடுப்பில் இருக்கிற அந்த இரண்டு விரல் இடத்தைக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அது என்னுடையது. மிச்ச உடம்பைச் சிலையாக்கிக்கொள்ளுங்கள், சந்தையில் நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம். அந்த இடத்தில் சுண்ணாம்பு ஏற விட்டால் அது அடுத்தவள் சொத்தை நாசம் பண்ணுவது. அதில் என்ன வைப்பது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

பை வராது.

ஜிபார்

◆

நாரின்,
ஆகஸ்ட் 16

ஜிபார்,

பட்டங்கள் ஒன்றும் இல்லாமல் ஆரம்பிக்கிறேன். கையில் சரக்கு தீர்ந்துவிட்டது.

உன் கடிதத்தை மாமிதான் வாசித்தாள். பாதியில் நிறுத்தி, எழுந்து போய், என் கோட்டை உதறினாள். குருத் உருண்டது. மெத்தைக்கடியில் கை விட்டாள், அங்கேயும் உருண்டது. தொப்பி மடிப்பில் ஒன்று. காலுறை இரண்டிலும். கூடமெல்லாம் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி இருந்தது. "இது சாப்பாடு இல்லையா? இது சாப்பாடு இல்லையா?" என்று ஒவ்வொன்றாய் என் மேல் எறிந்தாள். சுண்ணாம்பு பிடித்த உடம்பு என்பதால் அடி அதிகம் படவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கித் தாலாயிடம் கொடுத்துவிட்டோம். அவன் சிறுநீரகம் இரண்டும் குதிரைச் சிறுநீரகம், தாங்கும்.

முதலில் ஒன்று. நீ சுண்ணாம்பு அனுப்பவில்லை. கோபத்தில் இருக்கும்போதும் மாமனுக்கு வாய் காயுமே என்று நினைத்து ஒரு பை அனுப்பினாய். அதை நான் அளவில்லாமல் தின்றேன். உன் கணக்கில் அந்த நினைப்பு மட்டும்தான். உருண்டை எல்லாம் என் கணக்கு. பெரியவளிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. அவள் உருட்டியது ரொம்ப வட்டமாக இருந்தது என்று மட்டும் சொல்.

இரண்டாவது. பிஷ்கெக்கில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியதைப் பற்றி. பொருந்துகிறது என்று அவர்கள் சொன்ன நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம், ஜிபார். அப்படியொரு சந்தோஷம். உயிர் மேல் இவ்வளவு ஆசை எனக்கு இருக்கிறதென்று அதற்கு முன் தெரியாது. உன் வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள் என்கிற செய்தியைக் கேட்டு இந்தக் கிழவன் மூஞ்சி பல்லைக் காட்டியதே, அதை நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் திரும்பினேன். சுவரில் ஒரு ஈ இருந்தது. அது பார்த்துவிட்டது.

இரண்டு விரல் இடம் பற்றி எழுதாததற்கும் அதுதான் காரணம். எழுதினால் நீ ஓடி வருவாய். ஓடி வந்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீ வராமலே அது இறுகிவிட்டால், வேண்டாம் என்று நான் சொல்லவேண்டியிருக்காது. என் ராஜதந்திரம் அப்படி.

இப்போது நீ சுட்டிவிட்டாய். மறுத்த மாமன் எவனும் நம் பக்கம் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்க ஆசை. முடியாததால் இயந்திர அறையில் எழுந்து நின்று அறிவித்தேன்: "எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னியிலேர்ந்து இந்த இடம் என் மருமகளோடது!" என்று சட்டையைத் தூக்கித் தொட்டுக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர், "ஏன்யா, இவ்வளவு சின்ன நிலத்துக்கா இவ்வளவு சத்தம்?" என்றார். "சின்னதுதான், ஆனா கிர்கிஸ் நாட்டிலேயே கல் இல்லாத ஒரே நிலம்!" என்றேன். எல்விரா டாக்டரம்மா அன்றைக்குத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

காவல் பலமாக இருக்கிறது. தட்டில் வந்தாலும் பையில் வந்தாலும், எது வாய்க்குள் போனாலும் கூடவே மாத்திரை. தாகத்துக்குக் குளிர்ந்த தண்ணீரை வாயில் கொப்பளித்துத் துப்ப வேண்டும். துப்பும்போது ஒவ்வொரு முறையும் ஒரு ஏரியையே துப்புகிற மாதிரி துக்கமாக இருக்கிறது. ஆனால் துப்பிவிடுகிறேன். அடுத்தவள் சொத்து.

நீ தொடாமல் போன ரொட்டிக்குப் பதிலாக மாமி புதிதாகச் சுட்டது ஒன்றைத் தாலாயிடம் கொடுத்திருக்கிறேன். பட்டாளத்துக்குப் போகிறவன் ஒரு கடி கடித்து, மிச்சத்தை வீட்டில் தொங்கவிட்டுப் போவானே, வந்து முடிப்பதற்காக, அந்த மாதிரி. ஒரு ஓரத்தில் நான் கடித்திருக்கிறேன். பல் தடம் மூன்றுதான் இருக்கும், அவ்வளவுதான் கைவசம்.

இரண்டு விரல் தவிர மற்றதெல்லாம் உன் மாமன்,
பெய்ஷென்

◆

சோங்-கோல்,
செப்டம்பர் 5

மாமா,

கடித்துவிட்டேன். தாலாய் கொண்டுவருகிறான். மாமியிடம் சொல்லி எலி எட்டாத இடத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள்.

மந்தை இந்த வாரம் இறங்குகிறது. பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்வார். எனக்கு எடுத்த பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, பயப்படாதீர்கள். எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, அதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அந்த ஈ மட்டும் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் நான் விடவே இல்லை.

ஜிபார்

◆

பிஷ்கெக், மருத்துவமனை, மூன்றாம் மாடி, ஆண்கள் பகுதி,
நவம்பர் 3

இரண்டாம் மாடி, பெண்கள் பகுதி, ஜன்னலோரக் கட்டிலில் எழுந்து நடக்கத் தெரியாமல் படுத்திருக்கும் என் மருமகளுக்கு,

போனைப் பிடித்துப் பேசத் தெம்பில்லை. எழுதினால் மூச்சு வாங்காது என்று செவிலிப் பெண்ணைத் தூதாக அனுப்புகிறேன்.

மகத்தான செய்தி. இடி முழங்கட்டும், கொம்பு ஊதட்டும். உன் மாமன் சிறுநீர் கழித்துவிட்டான்!

சிரிக்காதே, தையல் பிரியும். எத்தனையோ வருஷம் வறண்டு கிடந்த ஆறு அது. தைத்து முடிக்குமுன்பே, மேசையிலேயே ஆரம்பித்துவிட்டதாம். கட்டிலுக்கடியில் தொங்கும் பையைப் பார்க்கப் பக்கத்து அறையிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். நாரின் ஆறு எனக்குத் தம்பி.

அறுத்த டாக்டர் காலையில் வந்தார். "அண்ணே, உங்க இடுப்புல ஊசிய வச்சா டிக் டிக்னு சத்தம் கேக்குது, சுவத்துல ஆணி அடிக்கிற மாதிரி. அந்த இரண்டு விரல் இடத்துல மட்டும் சத்தமில்லாம இறங்குச்சு. வெண்ணெய் மாதிரி" என்றார். நான் சொன்னேன், "அது என்னோடது இல்ல டாக்டர், அதான்."

மற்ற இடமெல்லாம் கட்டியது கட்டியதுதான் என்றும் சொன்னார். சிலை சிலையாகவே இருக்கும். இனி வளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தையில் நிறுத்துவதைத் தள்ளிப்போடு.

இன்று எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார்கள். முழுக் கோப்பை. துப்பச் சொல்லவில்லை. குடிக்கக் குடிக்க, உன் அம்மா நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆட்டுத்தோல் பையிலிருந்து தண்ணீர் ஊற்றி, "மெதுவா, மெதுவாடா" என்பாளே, அது காதில் கேட்டது. இரண்டாகச் செய்து உன்னிடம் கொடுத்து வைத்தது எதற்கென்று கேட்டாயே. பதில் யோசித்து வைக்கிறேன் என்றேன். இதுதான் பதில், இதைவிட நன்றாக எழுதத் தெரியவில்லை.

நீ வலிக்கிறது என்றாயாம், செவிலிப் பெண் சொன்னாள். என் பக்கம் வந்தது சமர்த்தாக இருக்கிறது, வலி இல்லை. நல்ல வளர்ப்பு.

ரொட்டி நாரினில் சமையலறை ஆணியில் தொங்குகிறது. கல்லாய்க் காய்ந்திருக்கும். தேநீரில் நனைத்துக்கொள்ளலாம். எனக்கு இப்போது தேநீர் உண்டு. நீ கடித்த பக்கம் ஒன்று, நான் கடித்த பக்கம் ஒன்று, நடுவில் மிச்சம் இருக்கிறது. சீக்கிரம் எழுந்து நட.

மாமன்